ஊசியை மட்டும் பார்த்தேன்

பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவின் பத்து நிமிஷம் எனக்குத் தெரியும், அது இருபது. இருபதென்றே வைத்துக்கொள்வோம். இப்போது ஐம்பத்திரண்டு. நான் ஜீப்பில் இருக்கிறேன், ஜீப் சேற்றில் இருக்கிறது, சேறு குஜராத்தில் இருக்கிறது, நாங்கள் தூத்துக்குடிக்காரர்கள். இப்படிச் சொல்லிப் பார்த்தால் சிரிப்பாக வருகிறது, ஆனால் கூடச் சிரிக்க ஆள் வேண்டும். இந்த இடத்துக்குப் பெயர் ரண். பாலைவனம் என்றால் மணல்மேடும் ஒட்டகமும் என்று நினைத்திருந்தேன், இதில் மேடே கிடையாது, தோசைக்கல் மாதிரி நாலு பக்கமும் தட்டை, வானம் அப்படியே தரையில் வந்து ஒட்டிக்கொள்கிறது. மழைக்காலத்தில் தண்ணீர் ஏறி நிற்குமாம், பிறகு வற்றி மேலே மட்டும் பொருக்கு கட்டிக் காய்ந்துவிடுமாம், அடியில் சில இடத்தில் களி அப்படியே இருக்கும். அந்தச் சில இடத்தில் ஒன்றில்தான் ஜீப் இறங்கியது. டிரைவர் ஹமீர்பாய் மூன்று தடவை ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார், சக்கரம் களியை அள்ளி அப்பா சட்டையில் அடித்தது, அவ்வளவுதான் நடந்தது. பிறகு பீடியை அணைத்து, இடது பக்கம் கையைக் காட்டி, டிராக்டர் என்றார், உப்புப் பாத்தி என்றார், வாட்சைத் தொட்டு ரெண்டு மணி நேரம் என்றார், கடைசியில் வண்டியின் கதவைத் தட்டித் தட்டி இதை விட்டு இறங்காதே என்றார். எனக்கு ரீல்ஸ் பார்த்து வந்த இந்திதான். ஆனால் அவர் விரலை ஆட்டின விதம் எங்கள் கெமிஸ்ட்ரி டீச்சர் மாதிரியே இருந்ததால் முழுசாகப் புரிந்தது. அப்பாவும் அச்சா அச்சா என்று தலையாட்டினார். ஹமீர்பாய் புள்ளியாகி மறைகிற வரைக்கும் அச்சாவாக இருந்தார். மறைந்ததும் எதிர்ப்பக்கம் கழுதைகளைப் பார்த்துவிட்டார்.

"ஏட்டி, அங்க பாரு, ஒம்பது நிக்கு" என்றார். காட்டுக் கழுதை. எங்கள் ஊரில் பொதி சுமக்கிற சாம்பல் கழுதை இல்லை, இது செம்மண் நிறம், வயிறு வெள்ளை, முதுகில் ஒரு கறுப்புக் கோடு, குதிரை மாதிரி நிமிர்ந்த கழுத்து. உள்ளே இருந்தே பாருங்கப்பா என்றேன். போட்டோல எறும்பு மாதிரி வருது, கிட்டப் போயி ஒண்ணு எடுத்துட்டு வந்துருதேன் என்றார். அவர் போகக் கூடாதுன்னுட்டுப் போயிருக்காரு என்றேன். "அவரு டிரைவரு. நான் உப்பளத்துக் கங்காணி. இருவத்தாறு வருசமா பொருக்கு மேலதான் நடக்கேன், எங்க மிதிக்கணும்னு என் காலுக்குத் தெரியும். பத்து நிமிசம்." அதற்கு நான் என்ன சொன்னேன் என்பதுதான் இப்போது உறுத்துகிறது. போங்க என்றேன். போங்க, போய்த் தொலைங்க என்கிற மாதிரி ஒரு போங்க. ஐந்து நாளாக ஒரே ஆளோடு ரயிலிலும் ரூமிலும் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் வரும். அவர் சாப்பிடும்போது தாடை சத்தம் போடுகிறது, எல்லாச் செடிக்கும் எங்க ஊர்ல இதுக்கு ஒரு பேரு உண்டும்பார் ஆனால் பேரைச் சொல்ல மாட்டார், இதெல்லாம் சேர்ந்து ஒரு போங்க ஆகிவிட்டது. நடந்து போனார். முதலில் முழு அப்பாவாக இருந்தார். பிறகு கானலில் கால் கரைந்து போச்சு, இடுப்புக்கு மேல் மட்டும் மிதந்தார், அதற்குப் பிறகு நான் போனைப் பார்த்தேன், சிக்னல் இல்லாத போனை எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை, பழைய போட்டோக்களை அழித்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தபோது ஆளும் இல்லை கழுதையும் இல்லை.

இங்கே வரவேண்டும் என்று கேட்டது நான்தான். பேர் சொல்லிக் கேட்கவில்லை. ஜூலையில் ப்ளஸ் டூவை விட்டேன். பெயிலாகவில்லை, யாரும் அடிக்கவில்லை, லவ்வும் கிடையாது, ஒரு திங்கட்கிழமை பஸ் ஸ்டாப்பில் நின்றேன், பஸ் வந்தது, ஏறவில்லை. அதற்கப்புறம் ஏறவே இல்லை. இதுதான் நடந்தது, ஆனால் இதை யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், காரணம் கேட்கிறார்கள், நானும் ஆளுக்கொன்று சொல்லி வைத்தேன், தலைவலி, டீச்சர், கண்ணு தெரியல. அடுத்து என்ன பண்ணப் போற, அடுத்து என்ன பண்ணப் போற, பால் வாங்கப் போனால் கேட்கிறார்கள், கோயில் வரிசையில் கேட்கிறார்கள், செத்த வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஒருநாள் அப்பாவிடம், ஆளே இல்லாத இடம் ஒண்ணு இருந்தா சொல்லுங்க, அங்க போய்க் கிடக்கேன் என்று கத்தினேன். கோபத்தில் சொன்னதை அவர் விலாசம் கேட்ட மாதிரி எடுத்துக்கொண்டார். மூன்று வாரம் போனில் தேடியிருக்கிறார். ஒருநாள் சாப்பிடும்போது வீடியோ காட்டினார், வெள்ளைத் தரையில் கழுதைகள் ஓடுது, மனுஷன் ஒருத்தன் இல்லை. "நீ கேட்டேல்லா." அம்மா, மூளை குழம்பிருச்சா ரெண்டு பேருக்கும் என்றாள். ஆனாலும் பை கட்டிக் கொடுத்தாள். நேற்று சாயங்காலம் இந்தத் தரைமேல் நின்றபோது உண்மையிலேயே நன்றாக இருந்தது. சத்தமே இல்லை. நாரை மாதிரிப் பெரிய பறவைகள் உயரத்தில் கூட்டமாகப் போனது, அதோட குரல் மட்டும் ரொம்ப நேரம் கழித்துக் கீழே வந்தது. நரி ஒன்று பொந்து வாசலில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அப்பா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான்கு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவரைக்கும் போனது. ஆளில்லாத இடம் என்றால் அது நேற்று. அதில் அப்பா இருந்தார், அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று அவரைச் சேர்க்காமல் பார்த்தால், அவர் போய் அறுபத்தோரு நிமிஷம்.

பசித்தது. வெட்கமாக இருக்கிறது சொல்ல, பயத்திலும் பசித்தது. பையைத் திறந்தேன். தங்கியிருந்த இடத்தில் காலையில் கட்டிக் கொடுத்த பார்சல், சப்பாத்தி மாதிரி ஒன்றும் ஊறுகாயும், ஆளுக்கொன்று. ஒன்றைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்து, ரெண்டு வாய் போன பிறகுதான் மற்றதைப் பார்த்தேன். ரப்பர் பேண்ட் போட்டபடி இருக்கிறது. அப்பாவோடது. காலையில் ஏழு மணிக்குத் தந்தது, இப்போது பதினொன்று. நீ சாப்பிடு, நான் ஜீப்ல போறப்ப சாப்பிட்டுக்கிடுதேன் என்றார். ஜீப்பில் சாப்பிடவில்லை, குலுங்குது என்றார். வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏழு மணி. ஏழு மணிக்கு சுகர் ஊசி. அம்மா ரயில் ஏறும்போது என் கையைப் பிடித்து, அப்பா ஊசி போடுதாரான்னு மட்டும் பாத்துக்கோ, இல்லன்னா ஏமாத்திருவாரு என்றாள். ஐந்து நாளாகப் பார்த்துக்கொண்டேன், போலீஸ்காரி மாதிரி. இன்று காலையில் போட மாட்டேன் என்றார். இன்னைக்கு ஒருநா விடுட்டி என்றார். நான் இன்சுலின் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்து, போடுங்க, அம்மாட்ட சொல்லவா என்று எதிரே நின்றேன். சட்டையைத் தூக்கி வயிற்றில் போட்டார். நான் பத்து எண்ணியதும் எடுத்தார். திருப்தியாகிவிட்டது எனக்கு. ஊசியைப் பார்த்தேன். சோற்றைப் பார்க்கவில்லை. இன்னைக்கு ஒருநா என்று எதற்குச் சொன்னார் என்று கேட்கவில்லை. இன்று என்ன கிழமை, என்ன தேதி, போனில் பார்க்கிறேன், விரல் வழுக்குகிறது, ஊறுகாய் எண்ணெய், தேதியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சஷ்டி. இன்று திருச்செந்தூரில் சூரசம்ஹாரம். அப்பா வருஷா வருஷம் விரதம் இருந்து, கடற்கரையில் வேல் பாய்ந்த பிறகுதான் பச்சைத் தண்ணீர் தாண்டி எதுவும் தொடுவார். சுகர் வந்த பிறகு டாக்டர் கூடாது என்றார், அம்மா கூடவே கூடாது என்றாள், சரி என்று தலையாட்டினார். அதுவும் ஒரு அச்சாதான். ஆயிரம் மைலுக்கு மேல் தள்ளி வந்ததும், யாருக்குத் தெரியப் போகுது என்று, கடைசி நாள் ஒன்றை மட்டும் இருந்திருக்கிறார். விரதம் இருக்கிறவர் ஊசியை விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. விடத்தான் பார்த்தார். நான் போட வைத்தேன்.

இப்போது மண்டைக்குள் ஒரே இடத்தில் சுற்றுகிறது. சாப்பிடாமல் ஊசி போட்டால் சுகர் இறங்கும். வெயிலில் நடந்தால் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியாது, நேரில் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் சித்தி வளைகாப்பில், அப்பா ஓரமாக உட்கார்ந்து செருப்பைக் கழற்றிச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். போகவில்லை, திரும்பத் திரும்பப் போட்டார், ரொம்பக் கவனமாக. ஒரு மாமா அப்பாவைக் காட்டி, சிவபெருமாள் காலையிலேயே ஏத்திட்டாம்ல என்றார், நாலு பேர் சிரித்தார்கள், நானும், சொல்லிவிடுகிறேன், நானும் லேசாகச் சிரித்தேன். அம்மா அடுக்களையிலிருந்து ஜீனி டப்பாவோடு ஓடி வந்தாள். சட்டையெல்லாம் வேர்வையில் ஒட்டிப்போய்க் கிடந்தது, ஆஸ்பத்திரியில் இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கோமா என்றார்கள். அன்றைக்கு ஜீனி டப்பா பத்தடி தூரத்தில் இருந்தது. இன்றைக்கு குளுக்கோஸ் பாக்கெட் என் மடியில் இருக்கிறது. அம்மா பையின் சைடு ஜிப்பில் வைத்தது, அப்பா எடுத்துக்கொண்டு போகவில்லை, போட்டோ எடுக்கப் போகிறவருக்கு எதற்குக் குளுக்கோஸ். வண்டியை விட்டு இறங்காதே. இறங்கினால் நானும் வழி தவறலாம், களியில் மாட்டலாம், அவர் வேறு பக்கமாகத் திரும்பி வந்து என்னைக் காணாமல் தேடலாம். இறங்காவிட்டால் ஹமீர்பாய் வர இன்னும் அரை மணி, அது டிரைவர் அரை மணி. இறங்கு, இறங்காதே. பஸ் ஸ்டாப்பில் நின்றபோதும் இதே மாதிரிதான் இருந்தது, பஸ் நின்றது, கண்டக்டர் ஏறுதியா இல்லையா என்றார், நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டது. ஏறவில்லை என்று நான் முடிவு செய்ததாக எல்லோரும் நினைக்கிறார்கள். முடிவெல்லாம் செய்யவில்லை. நின்றேன், அவ்வளவுதான், நேரம் என்னைத் தாண்டிப் போனது. ஐயோ, இதை இப்போது எதற்கு நினைக்கிறேன், அறுபத்தி ஏழு, எழுந்திரு சவமே.

இறங்கிவிட்டேன். மஞ்சள் துப்பட்டாவை ஜீப்பின் மேல்கம்பியில் கட்டினேன், திரும்பி வர அடையாளம். தண்ணீர் பாட்டில் ஒரு கையில், குளுக்கோஸ் இன்னொரு கையில். முதலில் அப்பாவின் செருப்புத் தடம் தெளிவாக இருந்தது, பொருக்கு உடைந்து உள்ளே ஈரம் தெரிந்தது, குதிகால் ஆழமாக, நடக்கத் தெரிந்தவன் நடை. அதன் மேலேயே மிதித்துப் போனேன், அவர் கால் தெரிந்து வைத்த இடமென்றால் எனக்கும் தாங்கும். தாங்கியது. அதற்குள் கெட்டித் தரை வந்துவிட்டது. வெடிப்பு வெடிப்பாக, கல் மாதிரி, அதில் தடம் விழவில்லை. குனிந்து தேடினேன், வெடிப்புதான், எல்லாம் வெடிப்பு. நிமிர்ந்தால் எந்தப் பக்கம் வந்தேன் என்றே குழம்பியது, திரும்பிப் பார்த்தேன், ஜீப் தரையிலிருந்து ஒரு முழம் மேலே மிதக்கிறது, மஞ்சள் தெரிகிறது, சரி, மஞ்சள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் நேராகப் போகிறேன் என்று அர்த்தம். அப்பா என்று கூப்பிட்டேன். இங்கே சத்தம் எதிலும் மோதித் திரும்புவதில்லை, வாயை விட்டுப் போனதும் செத்துவிடுகிறது. சின்னக் குருவி ஒன்று காலடியிலிருந்து ஓடியது, பறக்காமல் ஓடியது, மண் நிறத்திலேயே இருந்தது. தூரத்தில் ஒரு ஆள் நிற்பது தெரிந்து ஓட ஆரம்பித்தேன். நின்ற ஆள் கழுத்தை வளைத்தான். கழுதை. பக்கத்தில் இன்னொன்று. இரண்டு தடவை இப்படி ஏமாந்தேன், இரண்டாவது தடவை அது தொட்டாற்சுருங்கி உயரத்துக்கு ஒரு செடி, ஆள் உயரத்துக்குக் கானல் இழுத்துக் காட்டியிருக்கிறது. அழுகை வரவில்லை, கோபம் வந்தது, முருகன் மேல், அப்பா மேல், அம்மா மேல், பத்து எண்ணின என் மேல். ஓடாதே, ஓடினால் தண்ணீர் சிந்தும். கழுதைகள் இருக்கிற பக்கம்தான் போயிருப்பார், போட்டோ கிடைக்காமல் திரும்புகிற ஆள் இல்லை. கழுதையை நோக்கி நட. அது நகர்ந்தால் அவரும் பின்னாடியே நகர்ந்திருப்பார். நட.

முதலில் செருப்பு கிடைத்தது. ஒற்றைச் செருப்பு, இடது கால், கவிழ்ந்து கிடந்தது. அங்கிருந்து ஐம்பதடியில் அப்பா உட்கார்ந்திருந்தார். விழுந்து கிடக்கவில்லை, சம்மணம் போட்டு, பந்தியில் உட்கார்ந்த மாதிரி. அந்த ஒன்பது கழுதையும் கல்லெறி தூரத்தில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன, ரொம்பப் பக்கம், இவ்வளவு பக்கத்தில் அவர் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை, போன் தரையில் கிடந்தது. சட்டை முழுக்க நனைந்து முதுகெலும்பு தெரிந்தது. அப்பா என்றேன். நிமிர்ந்து பார்த்தார், பார்வை என்மேல் பட்டு வழுக்கி அந்தப் பக்கம் போனது. "பாத்திய மிதிக்காத" என்றார், நாக்கு தடித்து. "வரப்புல வா. நேத்துதான் செதுக்குனது." எங்கள் ஊர் உப்பளத்தில் இருக்கிறார். என்னை வேலைக்கு வந்த பெண் என்று நினைக்கிறார். பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன், பொடியை உள்ளங்கையில் கொட்டி வாயருகே கொண்டுபோனேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆங், வேண்டாம். இன்னைக்கு சூரசம்காரம்." மகளைத் தெரியவில்லை, நிற்கிற ஊர் தெரியவில்லை, அது மட்டும் தெரிகிறது. "முருகன்ட்ட நான் பேசிக்கிடுதேன், வாயத் திறங்கப்பா" என்றேன். "போ புள்ள, வேலையப் பாரு" என்றார். கையைத் தட்டிவிட்டார், ஒரு பிடி பொடி போச்சு. என்ன பலம். இந்த நிலைமையில் எங்கிருந்து வருகிறது இந்தப் பலம். பின்னால் போய் முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் தலையை என் நெஞ்சோடு சேர்த்துக் கையால் வளைத்துப் பிடித்தேன், மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மாதிரி. வாயத் திற என்றேன். திற. அப்பாவை நான் இப்படிக் கூப்பிட்டதே இல்லை. தாடை இறுகியிருந்தது. விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே விட்டுப் பொடியை அப்பினேன், கடித்தார், எடுக்கவில்லை, மறுபடி அப்பினேன், மறுபடி கடித்தார். பாதி எச்சிலோடு வெளியே வழிந்தது. பாதி உள்ளே. பாதி போதுமா என்று யாரைக் கேட்பது. விழுங்கின மாதிரி தொண்டை அசைந்தது, அல்லது எனக்கு அசைந்த மாதிரி இருந்தது. பிறகு செய்ய ஒன்றுமில்லை. அவர் தலை என்மேல் கனத்துக்கொண்டே வந்தது. தூங்கிறாதீங்க, தூங்கிறாதீங்க, கழுதையப் பாருங்க, ஒம்பது நிக்கு, ஒண்ணு குட்டி, எண்ணுங்க என்றேன். எண்ணவில்லை. மூச்சை மட்டும் கேட்டேன். ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த நடுவில் ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் அம்மாவுக்குப் போன் பண்ணினேன், ஒவ்வொரு தடவையும் அவள் ஹலோ சொல்வதற்குள் அடுத்த மூச்சு வந்தது. குட்டி தாயின் வயிற்றுக்கு அடியில் முட்டியது. இன்னொரு விரல் பொடி வைத்தேன். இந்தத் தடவை கடிக்கவில்லை, சப்பினார். நாக்கு என் விரலைத் தேடி வந்து சப்பியது.

ரொம்ப நேரம் கழித்துத் தலையைத் தானாகத் தூக்கினார். கழுதைகளைப் பார்த்தார். காலைப் பார்த்தார், செருப்பில்லாத காலை. பிறகு என்னை, இந்தத் தடவை பார்வை வழுக்கவில்லை.

"ஏட்டி இசக்கி. வண்டிய விட்டு எறங்கக் கூடாதுன்னுல்லா சொல்லிட்டுப் போனாரு."

"சொன்னாரு."

"பின்ன ஏன் எறங்குன?"

பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தார், கொப்பளித்துத் துப்பப் போனவர் நிறுத்தி, நாக்கால் பல்லைத் தடவிப் பார்த்தார்.

"வாயில என்னட்டி இது, இனிக்கி."

"குளுக்கோஸ்."

கையில் கிழிந்த பாக்கெட்டையும் என் விரலில் ரத்தத்தையும் பார்த்தார். எல்லாம் புரிய அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டார். விரதம் கெட்டதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். திட்டினாலும் சரி, கேட்கத் தயாராகத்தான் இருந்தேன்.

"அம்மாட்ட சொல்லாத" என்றார்.

"சொல்லுவேன்."

"விழுந்தத வேணா சொல்லு. விரதத்தச் சொல்ல வேண்டாம்."

"விரதத்தச் சொல்லுவேன். நீங்க போடமாட்டேன்னதையும் நான் மெரட்டிப் போட வச்சதையும் சொல்லுவேன். எல்லாத்தையும் சொல்லுவேன்."

எங்கோ ஜீப் பக்கம் டிராக்டர் சத்தம் மாதிரி ஒன்று கேட்டது, கழுதைகள் காதைத் திருப்பின.

"சொல்லு போ" என்றார். உள்ளங்கையை நீட்டினார். "மிச்சம் கிடந்தா போடு."